மெழுகின களம்

கொஞ்சம் தள்ளி உக்காரு கண்ணு. இந்தப் பக்கெட்டை எங்க வெக்கறதுன்னு தெரியலை. மேல வெச்சா பிரேக் போடறப்ப யார் மண்டையிலயாச்சும் விழும், கீழ வெச்சா கண்டக்டர் மிதிச்சு ஒடைச்சுப்போடுவான். மடியிலயே இருக்கட்டும். புதுப் பக்கெட்டு, இன்னும் தண்ணி படலை. சீமாறும் புதுசுதான். குத்துச்சுன்னா சொல்லு, திருப்பி வெச்சுக்கறேன்.

நீ எங்க எறங்கோணும்? சிவகிரியா? அப்ப நான் உனக்கு முன்னாடியே எறங்கிருவேன், நொச்சிக்காட்டுவலசுப் பிரிவுல. என்ற பேரு மயிலாத்தா. பிரிவுல எறங்கி மயிலாத்தா தோட்டத்துச் சாளை ஊடு எதுன்னு கேட்டா நாய்கூட வழி சொல்லும். நீ என்ன வேலைக்குப் போற? நர்ஸா! நெனச்சேன் பாரு. நகத்தை ஒட்ட வெட்டியிருக்கறதைப் பாத்ததுமே நெனச்சேன், இந்தப் புள்ள சுத்தக்காரின்னு. எனக்குச் சுத்தமா இருக்கறவங்களைக் கண்டாத்தான் பேசவே வரும்.

அப்ப உனக்குக் கிருமியைப் பத்தியெல்லாம் தெரியும். எங்க ஊரை ஒரு கிருமி ரெண்டு வருசமா ஆட்டிவெக்குது கண்ணு. கண்ணுக்கே தெரியாதாம். அதுனால ஒரு பொம்பளையோட பாவத்தையும் நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன். இந்தப் பக்கெட்டும் சீமாறும் அதுக்குத்தான். சொல்றேன் கேளு, பஸ்ஸு போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்குது.

எங்க ஊருல எள்ளுத்தான் வெள்ளாமை. மாசியில வெதச்சா வைகாசியில அறுத்துருவோம். முன்னெல்லாம் மூட்டை கட்டி ஏலத்துக்குக் கொண்டுபோவோம். வியாபாரி ரெண்டு விரல்ல அள்ளி வாயில போட்டு மென்னு பாத்துட்டு, அவன் சொல்றதுதான் வெலை. வேண்டாம்னு திருப்பிக் கொண்டாந்தா வண்டி வாடகையும் நம்ம தலையில. இப்புடி ஓடிக்கிட்டிருந்தப்பத்தான் அந்தக் கம்பெனி சாரு வந்தாரு. சின்ன வயசு, நல்ல புள்ள. பள்ளிக்கூடத்துல எல்லாத்தையும் உக்கார வெச்சு, ஜப்பான்காரன் தனக்கு வேண்டிய எள்ளையெல்லாம் வெளியூருல இருந்துதான் வாங்கறான், நாமளே கொண்டுபோயிக் குடுத்தா என்னன்னு கேட்டாரு. எங்களுக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஏலக்கடைக்குக் கொண்டுபோறதுக்கே வண்டி கெடைக்கலை, ஜப்பானுக்கு எந்த பஸ்ஸுல ஏத்தறதுன்னு நாந்தான் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க, அவரும் சிரிச்சாரு.

அப்பறம் ஒண்ணு சொன்னாரு. அது என்ற மனசுல அப்புடியே பதிஞ்சுபோச்சு. ஆப்பிரிக்காக்காரன் கப்பல் கப்பலா எள்ளைக் கொண்டுபோயி எறக்கறானாம். அவனுக்குப் பூமி ஜாஸ்தி, மழைத்தண்ணியிலயே வெளையுது, வெலை நம்மளை விடக் கம்மி. வெலையில நீங்க அவனை ஜெயிக்க முடியாதும்மா, ஆனா சுத்தத்துல ஜெயிக்கலாம், ஜப்பான்காரன் சுத்தத்துக்குத்தான் காசு குடுப்பான்னாரு.

நான் கை தட்டிட்டேன் கண்ணு. சுத்தத்துக்கா! அதுக்கு எங்களை மிஞ்ச யாரு இருக்கறா? என்ற வாசல்ல சோத்தைக் கொட்டிப் பெசஞ்சு திங்கலாம். என்ற மாமியா, அவ போன எடத்துல நல்லா இருக்கட்டும், வாயைத் தொறந்தாத் திட்டுத்தான். அவளே என்ற களத்தைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பதினேழு பேரு சேந்து குழு ஆரம்பிச்சோம். என்ற கொழுந்தனாரு அர்த்தநாரிதான் தலைவரு. கம்பெனி சாரு ஆளுக்கொரு தார்ப்பாயும், படம் போட்ட சீட்டு ஒண்ணும் குடுத்தாரு. சீட்டுல எள்ளை எப்புடிக் காய வெக்கோணும், எப்புடிக் கட்டோணும்னு போட்டிருந்துச்சு. நான் அதைச் சாமி படத்துக்குப் பொறகால சொருகி வெச்சுட்டேன். இல்ல, படிக்கலை. நீச்சல் தெரிஞ்சவனுக்கு வாய்க்காலுக்கு வழி சொல்லுவாங்களா?

தார்ப்பாயா? அதைச் சொல்லு! நீலக் கலர்ல, நல்லா மொத்தமா, அருமையான தார்ப்பாய். அதைப் போயி மண்ணுல விரிச்சு வீணாக்க எந்தப் பொம்பளைக்கு மனசு வரும்? எங்க கட்டுத்தரையில மழை பேஞ்சா மாடு நனையும். கூரை மேல போட்டுக் கட்டிட்டேன், கச்சிதமா இருந்துச்சு. சாரு பாக்க வர்றாருன்னா எறக்கி, கழுவி, களத்துல விரிச்சுக் காட்டுவேன். அவரும் போட்டோ புடிச்சுக்குவாரு. அவரு வண்டி வளைவு திரும்பறதுக்குள்ள தார்ப்பாய் கூரைக்குப் போயிரும். என்னைப் பாத்து ஊரே அப்புடித்தான் செஞ்சுது. எங்கூருல மயிலாத்தா ஒண்ணு செஞ்சாப் போதும், எல்லாரும் பின்னாலயே செய்வாங்க.

பின்ன எதுல காய வெச்சீங்கன்னு கேக்கறயா? களத்துலதான். நீ டவுன்ல பொறந்தவளா? சரி சொல்றேன். எள்ளுச் செடியில கீழ் காயி பழுத்து மஞ்சளாகறப்ப அறுத்துரோணும். ஒரு நாளு விட்டாலும் வெடிச்சு மண்ணுல சிந்திரும். அறுத்துக் கட்டி, போரா நிறுத்தி, ஒரு வாரம் மூடி வெச்சா எலை உதுந்துரும். அதுக்குள்ள களத்தைத் தயார் பண்ணோணும். நம்ம காங்கேயம் மாட்டுச் சாணி, அந்தந்த நாள் காலையில போட்டதா இருக்கோணும், பழசு ஆகாது. தண்ணி விட்டு, தோசை மாவு பதத்துக்குக் கரைச்சு, சீமாத்துல ஒரே பக்கமா இழுத்து மெழுகோணும். காஞ்சுதுன்னா பச்சைப் பட்டு விரிச்சாப்புல இருக்கும். அது மேல கட்டைப் பிரிச்சுப் போட்டு, வெய்யல்ல காய வெச்சு, தலைகீழாப் புடிச்சு உதறோணும். பொலபொலன்னு கொட்டும் பாரு, அந்தச் சத்தத்துக்காகவே எள்ளு வெதைக்கலாம். மூணு தடவை உதறல். ஒவ்வொரு உதறலுக்கும் முந்தி மறுபடியும் நான் மெழுகிருவேன். ஊருல யாரும் அப்புடிச் செய்ய மாட்டாங்க, ஒரு தடவைதான் மெழுகுவாங்க. நான் மூணு தடவை.

என்ன மூஞ்சியை அப்புடிச் சுளிக்கற? வெய்யலா? ஜன்னலை எறக்கட்டுமா? வேண்டாமா, சரி.

எள்ளு குமிஞ்சதும் சாணியிலயே பிள்ளையார் புடிச்சு, அருகம்புல்லுச் சொருகி, பொலி மேல வெப்போம். எங்க வழக்கம் அது. முதல் வருசம் வெளிநாட்டுக்குப் போற மூட்டைன்னு எனக்கு மனசுக்குள்ள ஒரு இது. கடல் தாண்டிப் போகுதே, தொணைக்கு ஒருத்தரு இருக்கட்டும்னு, முதல் மூட்டை வாயைக் கட்டறதுக்கு முந்தி பிள்ளையாரை உள்ள வெச்சுக் கட்டிட்டேன். எங்கூட்டுக்காரருகிட்டக்கூடச் சொல்லலை. உங்கிட்டத்தான் சொல்றேன்.

இரு கண்ணு, நீ அப்பறம் பேசு. நான் முக்கியமான ஆளை இன்னும் சொல்லவே இல்லை.

பதினேழு பேருன்னு சொன்னனே, பதினெட்டாவதா ஒருத்தி சேந்தா. ரங்கம்மா. தெக்கு வளவுக்காரி, அது ஊருக்கு அக்கட்டால தனியா இருக்கற தெரு. எங்க தோட்டத்துல எல்லாம் களை வெட்டுனவதான். அவ ஆயா காலத்துல இருந்து எங்களுக்கு வேலை செய்யற சனம். புருசன் இல்லை, ஒரே மக. எப்புடியோ ரெண்டு ஏக்கரா பூமியைக் குத்தகைக்குப் புடிச்சு எள்ளுப் போட்டுட்டா. கம்பெனி சாரு, அவங்களையும் சேத்தாத்தான் குழுவுன்னு ஒத்தைக்கால்ல நின்னாரு. எங்களுக்கு அவ்வளவா இஷ்டமில்லை. நான் வாய் சும்மா இருக்காம, எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுதுன்னு அவ காதுபடவே சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் லேசாச் சிரிச்சா. 

எள்ளெல்லாம் கம்பெனி மில்லுக்குப் போயி, ஒண்ணாக் கொட்டிச் சலிச்சு, கப்பல் ஏறிப் போச்சு. ஊரே கொண்டாட்டமா இருந்துச்சு. அர்த்தநாரி எல்லாருக்கும் மிச்சர் வாங்கிக் குடுத்தாரு. ஒன்றரை மாசம் கழிச்சு சாரு வந்தாரு, மொகமே இல்லை. அங்க எறக்கிச் சோதிச்சுப் பாத்திருக்கறாங்க. ஏதோ கிருமியாம், பேரு சொன்னாரு, வாயில நுழையலை. ஆ, அதேதான், சால்மனல்லா! பாரு, நீ சட்டுன்னு சொல்லிட்ட. அத்தனை மூட்டையும் வேண்டாம்னுட்டாங்க.

பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டாங்க. சாரு சொன்னாரு, இது ஆடு, மாடு, கோழி வயித்துக்குள்ள இருக்கற கிருமி, அதுக வெளிக்குப் போறதுல இருந்துதான் எள்ளுக்கு ஒட்டியிருக்கும், எங்க ஒட்டுச்சுன்னு கண்டுபுடிச்சாத்தான் அடுத்த வருசம் எடுப்பேன்னு. எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிட்டதால யாரோட எள்ளுன்னு தெரியலை. நாங்க ஒருத்தரு மூஞ்சியை ஒருத்தரு பாத்துக்கிட்டோம். கோழி யாரு ஊட்டுல இருக்குது? எங்க ஊடுகள்லயும் இருக்குதுதான். ஆனா அந்த நேரத்துல எனக்கு எங்க ஊட்டுக் கோழி ஞாபகம் வரலை பாரு.

நான் எந்திரிச்சேன். கையை நீட்டி, இதா இங்க நிக்கறாளே இவகிட்டத்தான் கோழி இருக்குது, வளவுக்குள்ள களம் எந்த லச்சணத்துல இருக்குமோன்னு கேட்டேன். ரங்கம்மா வாசக்காலு ஓரமா நின்னுக்கிட்டிருந்தா. உள்ள பெஞ்சு காலியாத்தான் இருந்துச்சு, ஆனா அவ உக்காரலை. பண்ணாடிச்சிங்க, நீங்க ஒருக்கா வந்து பாருங்க, கோழியைப் பட்டியில அடைச்சுத்தான் வெச்சிருக்கறேன், பாத்துப்போட்டுச் சொல்லுங்கன்னா. எங்க பக்கம் அவிய எங்களைப் பண்ணாடின்னுதான் கூப்புடுவாங்க.

யாரும் போயிப் பாக்கலை கண்ணு. நாங்க எதுக்கு அந்தப் பக்கம் போறோம்? அன்னைக்கே அவ பேரை அடிச்சுட்டாங்க. ஊருக்கு எளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டிங்கற கதைதான். அவ வாசல்ல கெடந்த செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, ரோடு வரைக்கும் வெறுங்காலோட நடந்து போனா. எங்க தெருவுல அவியளுக்கு அப்புடித்தான் பழக்கம்.

அடுத்த வருசம் அவ இல்லாம பதினேழு பேரும் எள்ளுப் போட்டோம். நான் இன்னும் சுத்தமாச் செஞ்சேன். மூணுக்கு நாலு தடவை மெழுகுனேன். களத்தைச் சுத்தியும் சாணித்தண்ணி தொளிச்சேன், கிருமி அண்டக்கூடாதுன்னு. இந்தத் தடவை கம்பெனியே கப்பல் ஏத்தறதுக்கு முந்தி சோதிச்சுப் பாத்துது. மறுபடியும் அதே கிருமி. முந்தின வருசத்தை விட ஜாஸ்தியாம்!

இரு இரு, அதுக்கு மேல கேளு. அந்த ரங்கம்மா என்ன பண்ணுனா தெரியுமா? தானாப் போயி, வேற வேற ஊரு வளவுப் பொம்பளைகளைச் சேத்துக்கிட்டு, வேற ஒரு கம்பெனிகூடப் பேசி, எள்ளை அனுப்பிட்டா. அது சோதனையில பாஸாயிருச்சு. ஜப்பானுக்குப் போயி எறங்கியே போச்சு. குத்தகைக்கு ஓட்டற அந்த ரெண்டு ஏக்கராவையும் வெலைக்கே வாங்கறேன்னு பூமிக்காரருகிட்டப் பேசி வெச்சிருக்கறா. இந்த வருச எள்ளும் போயி எறங்குச்சுன்னா ஆடி கழிஞ்சு பத்திரம். அவ சனத்துல சொந்தமாப் பூமி வாங்கற முதல் ஆளு அவதான்.

அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. அவ இல்லாமயும் கிருமி வந்திருக்குது, அவளுக்கோ வரலை. அப்ப அவ மேல நான் சொன்னது அபாண்டம். ஒண்ணுந் தெரியாத ஒரு பொம்பளையை ஊருக்கு முன்னால கை நீட்டிக் கேவலப்படுத்திட்டேன். சோறு எறங்கலை எனக்கு. சாமி கும்புடறப்ப அவ செருப்பைத் தூக்கிக்கிட்டுப் போனதுதான் கண்ணுக்குள்ள வந்து நிக்குது.

யாரால வந்துச்சுன்னு கேட்டா எனக்கென்ன தெரியும்? கப்பல்ல ஈரம்ங்கறாங்க சில பேரு. ஆனா ரெண்டாவது தடவை கப்பலே ஏறலையே. கண்ணு பட்டிருச்சுன்னு பூசாரி சொல்றாரு. கம்பெனிக்காரன் வெலையைக் கொறைக்க நாடகம் ஆடறான்னு எங்கூட்டுக்காரரு சொல்றாரு. என்னைக் கேட்டா, மத்தவிய ஒரே ஒரு தடவை மெழுகறாங்க பாரு, அந்தச் சோம்பேறித்தனந்தான்.

என்ன? மாட்டு வயித்துல இருந்துதானன்னு கேக்கறயா? அட, அது வேற, இது வேற கண்ணு. அவரு சொன்னது வயித்துக்குள்ள இருக்கற அசிங்கம். சாணி வெளிய வந்துட்டா அது மகாலட்சுமியில்ல! உங்க நர்ஸுப் படிப்புல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்க. இரு, முடிச்சுக்கறேன், அடுத்தது அவல்பூந்துறை.

இந்த வருசம் எங்க கம்பெனி கையை விரிச்சுருச்சு. எள்ளு வேண்டாம், போங்கன்னுட்டாங்க. ஏலத்துக்கே போலாம்னா, ரெண்டு தடவை திரும்புன எள்ளுன்னு வியாபாரிக்கும் தெரிஞ்சுபோச்சு. எங்கூருப் பேரைச் சொன்னாலே மூட்டையைத் தொடாமயே ஒரு வெலை சொல்றான். பதினேழு குடும்பத்துக்கும் என்ன பண்றதுன்னு தெரியலை. கடைசியா அர்த்தநாரி, வேற வழியில்லை, ரங்கம்மாவைத்தான் போயிக் கேக்கோணும்னாரு. ஆம்பளைக மட்டும் போனா சரிப்படாது, அண்ணி நீங்களும் வாங்கன்னாரு. எனக்குக் காலு வரலை. போனேன்.

அன்னைக்குத்தான் கண்ணு, நான் பொறந்து ஐம்பத்தெட்டு வருசத்துல முதல் தடவையா அந்த வளவுக்குள்ள போறேன். என்ற தோட்டத்துல இருந்து கூப்புடு தூரந்தான். அவ சேரு எடுத்துப் போட்டா. வாங்க பண்ணாடிச்சி, ரெண்டு வருசத்துக்கு முந்தியே கூப்புட்டேன், இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எனக்குச் செருப்பால அடிச்சாப்புல இருந்துச்சு. தண்ணி கொண்டாந்து குடுத்தா. தாகமில்லைன்னுட்டேன். பொய்தான், நாக்கு ஒட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா என்னமோ வாங்கிக் குடிக்க வரலை.

அவ களத்தைக் காட்டுனா. சிமெண்டுத் தளம், அது மேல தார்ப்பாய், மேலயும் நாலு பக்கமும் வலை. செருப்பைக் கழட்டி, காலைக் கழுவி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவுனாத்தான் உள்ள விடறா. என்னையே கழுவச் சொல்லிட்டா பாத்துக்க! அர்த்தநாரி வாயைப் பொளந்துக்கிட்டு நின்னாரு. நானும் பாத்தேன். சுத்தமாத்தான் வெச்சிருக்கறா, இல்லைங்கலை. ஆனா மொட்டையா இருந்துச்சு. சாணி வாசமே இல்லை. பிள்ளையாரு இல்லை. களம்னு சொல்றதுக்கு ஒரு லச்சணமே இல்லாம, உங்க ஆஸ்பத்திரியாட்டம் இருந்துச்சு. எனக்கு மனசு கனத்துப்போச்சு. பாவம், அவகிட்ட மாடு இல்லை கண்ணு. சாணிக்கு எங்க போவா? இருக்கறதை வெச்சுப் பிளாஸ்டிக்கை விரிச்சுக்கிட்டிருக்கறா.

நாங்க வாயைத் தொறந்து கேக்கறதுக்கு முந்தியே அவளே சொல்லிட்டா. உங்க எள்ளையும் என்ற பேருலயே சேத்து அனுப்பலாம், ஆனா ஒண்ணு, உங்க களத்துல உதறக்கூடாது, போரை எல்லாம் இங்க கொண்டாந்து என்ற களத்துல நாஞ் சொல்றபடி உதறோணும்னா. நாங்க இவ்வளவு பண்ணியும் எங்களுக்குச் செய்யறா பாரு! நானா இருந்தா செய்வேனா? மாட்டேன். உண்மையைச் சொல்றேன், செஞ்சிருக்க மாட்டேன். வாசல்லயே நிக்க வெச்சு நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டிருப்பேன்.

இப்பப் பதினெட்டுப் பேரு எள்ளும் அவ வலைக்குள்ள ஒரு ஓரமாப் போரா நிக்குது. நாளைக்கு மத்தியானம் முதல் உதறல். அன்னைக்கே ஜப்பான்காரங்க ரெண்டு பேரு வந்து, களத்தையும் பாத்து, எள்ளையும் அள்ளிக்கிட்டுப் போயிச் சோதிக்கறாங்களாம். பாஸாச்சுன்னா வருசா வருசம் எங்ககிட்டயே வாங்கிக்கறதா எழுதிக் குடுப்பாங்க. ஆகலைன்னா எங்களோட சேத்து ரங்கம்மாவையும் தள்ளிருவாங்க. எள்ளு அனுப்பறதுக்குன்னு அவளுக்குக் குடுத்திருக்கற நம்பரையே அடிச்சுருவாங்களாம். அப்பறம் பூமி ஏது, பத்திரம் ஏது? எல்லாம் போச்சு. அது தெரிஞ்சேதான் எங்களைச் சேத்துக்கிட்டா.

அவளை இன்னைக்குக் காலையில அவ கம்பெனிக்காரங்க ஈரோட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அங்க தங்கி, நாளைக்கு அந்த வெளிநாட்டு ஆளுகளோடவே வண்டியில வர்றா. போறப்ப வலைக்கதவுச் சாவியை யாருகிட்டக் குடுத்துட்டுப் போனா தெரியுமா? என்றகிட்ட! இதா பாரு, முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கறேன். பண்ணாடிச்சி, நீங்கதான் சுத்தக்காரி, எலி கிலி அண்டாமப் பாத்துக்குங்கன்னு கையில குடுத்துட்டுப் போனா. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

மன்னிச்சுக்க ரங்கம்மான்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.  ஆனா எங்க ஊருல நாங்க அவியகிட்ட அப்புடிச் சொன்னதே இல்லை கண்ணு. வாய்க்கு அது பழக்கமில்லை. கைக்கு வேலை செஞ்சுதான் பழக்கம்.

அதுனால ஒரு முடிவு பண்ணுனேன். விடியக்காலமே எந்திரிச்சு, நம்ம காங்கேயத்தாளோட சாணியைக் கொண்டுபோயி, அந்தத் தார்ப்பாயைச் சுருட்டி அக்கட்டால வெச்சுப்போட்டு, அவ களம் முச்சூடும் என்ற கையால மெழுகிவிட்டுரப் போறேன். நாலு மூலையும். ஓரத்துல கோலமும் போட்டு, பெரிய பிள்ளையாராப் புடிச்சு நடுவுல வெச்சுருவேன். மத்தியானத்துக்குள்ள வெய்யலுக்கு ஜம்முனு காஞ்சுரும். வெளிநாட்டுக்காரன் வண்டியை விட்டு எறங்குனதும் களத்தைப் பாத்து அசந்துபோகோணும். அவளும் பாக்கட்டும். பாத்தாலே அவளுக்குப் புரிஞ்சுரும், இது மயிலாத்தா கைன்னு. நான் ஒண்ணும் சொல்லவே வேண்டாம்.

பக்கெட்டு எதுக்குப் புதுசான்னு கேளு. அவ சட்டியிலயா கரைக்கறது? என்ற ஊட்டுச் சட்டியை அங்க கொண்டுபோயிட்டு மறுபடியும் ஊட்டுக்குள்ள எப்புடி எடுத்துக்கிட்டு வர்றது? அதெல்லாம் எதுக்கு வம்பு, ஈரோட்டுல புதுசா ஒண்ணு வாங்கிட்டேன். வேலை முடிஞ்சதும் அங்கயே அவளுக்கு விட்டுட்டு வந்துருவேன்.

காலையில ஈரோட்டுக்குக் கெளம்பறப்ப எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னேன். மனுசன் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கறாரு. அவியதான் நம்ம களத்தை மெழுகுனாங்க இவ்வளவு காலமும், நீ போயி அவிய களத்தை மெழுகறயா, நாளைக்கு சாதிசனம் என்ன பேசும், நோம்பிக்குச் சொந்தம் ஒறம்பரைன்னு ஒருத்தன் வாசப்படி மிதிப்பானான்னு. நான் அசையலையே! பேசறவன் பேசட்டும், நான் செஞ்ச பாவத்தை நானே கழுவிக்கறேன், நீங்க போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுங்கன்னுட்டேன்.

அட, பிரிவு வந்துருச்சு! கண்டக்டர், எறங்கோணும், நில்லு சாமி. கொஞ்சம் காலை மடக்கிக்க கண்ணு. சீமாத்தைப் புடி, எறங்கி வாங்கிக்கறேன்.

என்ன? எதுக்கு இப்புடிக் கையைப் புடிச்சு இழுக்கற? வேண்டாமா? மெழுக வேண்டாங்கறயா?

அட கண்ணு. நல்லாக் காதுல விழுந்துச்சு, கத்தாத, பஸ்ஸே பாக்குது. நீயும் எங்கூட்டுக்காரராட்டமே பேசறயே! படிச்ச புள்ள, நாலு பேருக்கு வைத்தியம் பாக்கற கை, நீயே அவிய களம் இவிய களம்னு பாத்தா எப்புடி? அந்தக் காலமெல்லாம் மலை ஏறிப்போச்சு. என்னைத் தடுக்காத. சீமாத்தைக் குடு.

விடு கண்ணு, வண்டி எடுக்கறான். ஊருக்கு முன்னால அவளைக் காட்டி நீட்டுனது இந்தக் கைதான். இந்தக் கையாலயேதான் நான் மெழுகோணும்.